1993 ஹைலக்ஸுக்கு 1999 எஞ்சின் சேருமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் எனக்குக் கொஞ்சம் செம்பனை இருக்கிறது. குலை ஏற்ற 1993 டொயோட்டா ஹைலக்ஸ் ஃபோர் வீல், 2.4 டீசல் வைத்திருக்கிறேன். எஞ்சின் சூடேறி ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) விரிசல் விட்டுவிட்டது. ஈப்போவில் ஒரு பொட்டோங் கடையில் (பழைய வண்டிகளைப் பிரித்துச் சாமான் விற்கும் கடை) 1999 மாடல் 2.8 டீசல் பிரித்துக் கிடக்கிறது. அதன் ஹெட்டை மட்டும் வாங்கலாமா, எஞ்சினையே மாற்றிவிடலாமா? பின் அச்சையும் மலிவாகத் தருகிறாராம். "எல்லாம் ஒரே ஹைலக்ஸ்தான், உட்காரும்" என்கிறார் கடைக்காரர்.

பதில்: அவர் சொல்வதில் பாதி சரி. நிறைய சாமான் உட்காரும். ஆனால் போல்ட் உட்கார்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் பலர் பணத்தை விடுகிறார்கள். மாடல் ஆண்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எஞ்சின் கோடு என்ன, அளவு என்ன என்று பாருங்கள்.

முதலில் பானெட்டைத் திறந்து தகட்டைத் துடைத்துப் படியுங்கள். மாடல் கோடு, எஞ்சின் கோடு, கியர் பாக்ஸ், அச்சு எல்லாம் அதில் இருக்கும். உங்கள் 2.4 எஞ்சின் 2எல், கடையில் இருக்கும் 2.8 எஞ்சின் 3எல். இரண்டும் ஒரே குடும்பம். 2எல்லின் சிலிண்டர் விட்டம் 92 மில்லிமீட்டர், 2446 சிசி. 3எல்லின் விட்டம் 96, 2779 சிசி. இந்த 4 மில்லிமீட்டர்தான் ஹெட் விஷயத்தில் சிக்கல். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் வைக்கும் கேஸ்கெட் ஒன்றினுடையது மற்றதற்குப் பொருந்தாது. 2.8 ஹெட்டை 2.4 பிளாக்கில் ஏற்றி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வெயிலில் பாரம் பாரமாகக் குலை ஏற்றும் வண்டிக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

2எல் ஹெட்டே கிடைத்தாலும் ஒன்றைப் பார்க்க வேண்டும். 1988இல் இந்த எஞ்சின் மாறியது. அதற்கு முந்தையதில் வால்வை ராக்கர் ஆர்ம் தள்ளும், பிந்தையதில் கேம் நேரடியாக அமுக்கும். கவரைக் கழற்றினால் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். உங்களுடையது 1993 என்பதால் பிந்தைய வகையாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் வண்டி கை மாறி வந்தது என்றால் உள்ளே யார் எதைப் போட்டார்களோ, திறந்து பார்த்துவிடுங்கள். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் பழைய வண்டியில் (ஹாஃப் கட்) 2எல்-டிஇ என்று ஒன்று கிடைக்கும். டர்போவும் எலக்ட்ரானிக் பம்பும் உள்ளது. ஹெட் விரிசலுக்குப் பேர்போனது அதுதான், தொட வேண்டாம்.

எந்த ஹெட்டாக இருந்தாலும் காசு கொடுப்பதற்கு முன் பிரஷர் டெஸ்ட் செய்து தரச் சொல்லுங்கள். இரண்டு வால்வுகளுக்கு நடுவில் மயிரிழை போல ஓடும் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் கேஸ்கெட். இந்த எஞ்சினுக்கு அது மூன்று தடிமனில் வரும், பி, டி, எஃப் என்று குறி இருக்கும். பிஸ்டன் பிளாக்குக்கு மேலே எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்று டயல் கேஜ் வைத்து அளந்துதான் எதைப் போடுவது என்று முடிவு செய்ய வேண்டும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 0.1 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அளக்காமல் கைக்கு வந்ததைப் போடும் ஃபோமேனிடம் (மெக்கானிக்) இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், 2.8 எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால் முழு எஞ்சினாகவே எடுங்கள். ஹெட், டீசல் பம்ப், ஃபிளைவீல் எதையும் பிரிக்காமல் வாங்குங்கள். எஞ்சினைத் தாங்கும் கால்களை உங்கள் வண்டியிலிருந்தே கழற்றி மாட்டிக்கொள்ளலாம். சம்ப்பை (எஞ்சின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) மட்டும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். உங்கள் வண்டியின் முன்பக்கம் ஒரே துண்டான அச்சும் பட்டை ஸ்பிரிங்கும். 1999 வண்டி பெரும்பாலும் டார்ஷன் பார் வைத்த தனித்தனி சஸ்பென்ஷன். அதனால் அடியில் இடம் விடும் விதம் வேறு. வித்தியாசம் இருந்தால் பழைய சம்ப்பையும் எண்ணெய் உறிஞ்சும் குழாயையும் சேர்த்தே மாற்றுங்கள். கிளட்ச் தட்டின் விட்டத்தையும் பல் எண்ணிக்கையையும் உங்கள் கியர் பாக்ஸோடு சரிபாருங்கள். டைமிங் பெல்ட்டை யோசிக்காமல் புதிதாகப் போட்டுவிடுங்கள். 100,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய சாமான் அது. அறுந்தால் வால்வு பிஸ்டனில் அடித்து வளைந்துவிடும்.

எஞ்சினைவிட என்னைக் கவலைப்படுத்துவது ஆல்டர்னேட்டர்தான். உங்கள் டீசல் எஞ்சினில் பிரேக் பூஸ்டருக்கான வாக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகில் இருக்கிறது. அதற்கு எண்ணெய்க் குழாயும் போகும். பெட்ரோல் ஹைலக்ஸ் ஆல்டர்னேட்டரில் அது கிடையாது. மலிவாகக் கிடைத்தது என்று அதை மாட்டினால் பேட்டரி ஏறும், விளக்கு எரியும், பிரேக் மட்டும் கல்லாகிவிடும். பின்னால் பம்ப் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்து வாங்குங்கள். டீசல் எஞ்சின் குளிரில் கிளம்ப உதவும் ஹீட்டர் பிளக்கிலும் இதே கதை. மரை ஒன்றாக இருக்கும், வோல்டேஜ் வேறாக இருக்கும். குறைந்த வோல்டேஜ் பிளக்குக்கு நேராக 12 வோல்ட் கொடுத்தால் நுனி உருகி உள்ளே விழும். எனவே பிளக்கை உங்கள் வண்டியின் டைமருக்கு ஏற்றபடி வாங்குங்கள்.

பின் அச்சுக்கு வருவோம். உங்களுடையது உடையவில்லை என்றால் வாங்காதீர்கள். ஃபோர் வீல் வண்டியில் முன் டிஃப், பின் டிஃப் (அச்சின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் கியர்) இரண்டின் விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஹைலக்ஸில் 4.1, 4.3, 4.556 என்று பல விகிதம் உண்டு. ஒன்று மாறினால், ஃபோர் வீல் போட்டதும் இரண்டு அச்சும் ஒன்றையொன்று இழுத்து எதையாவது உடைக்கும். வாங்கியே ஆக வேண்டும் என்றால் கடையிலேயே சோதிக்கலாம். ஒரு பக்க ஹப்பை அசையாமல் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபக்கத்தை 20 சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் மாட்டும் ஃபிளாஞ்ச் 41 சுற்று வந்தால் 4.1, 43 வந்தால் 4.3. 20 சுற்றையும் பொறுமையாக எண்ணுங்கள், இரண்டு சுற்றில் இந்த வித்தியாசம் பிடிபடாது. அச்சின் அகலம், ஸ்பிரிங் உட்காரும் இடம், ஃபிளாஞ்சின் போல்ட் துளை மூன்றையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

அச்சை மாற்றுகிறவர்கள் கவனிக்காத ஒன்று, சேஸியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் மெல்லிய கம்பி. பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் அது ஒரு வால்வைத் திருப்பிப் பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் கொடுக்கும். வேறு ஆண்டு அச்சில் அந்தக் கம்பியை மாட்ட இடம் இல்லாமல் போகலாம். சிலர் அதை வயரால் கட்டித் தொங்கவிடுவார்கள். மேலே கட்டினால் வெறும் வண்டியில் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். கீழே விட்டால் குலை நிறைந்த வண்டி இறக்கத்தில் நிற்காது. பிராக்கெட்டைப் பழைய அச்சிலிருந்து அதே உயரத்தில் மாற்றிப் பற்றவைக்கச் சொல்லி, நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள்.

கடைசியாகக் காகிதம். எஞ்சினை மாற்றினால் கிரானில் (வண்டி உரிமைப் பத்திரம்) உள்ள எஞ்சின் எண்ணும் சிசியும் மாறும். அதற்கு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதியும் வாகனப் பரிசோதனையும் வேண்டும், இன்சூரன்ஸுக்கும் தெரிவிக்க வேண்டும். என்னென்ன பத்திரம் தேவை என்று ஈப்போ ஜேபிஜேயில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கடை ரசீதில் எஞ்சின் எண் எழுதியிருக்க வேண்டும். பிளாக்கில் பொறித்த எண்ணோடு அதை ஒப்பிடுங்கள். எண்ணைச் சுரண்டியது போலவோ மறுபடி பொறித்தது போலவோ இருந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிட்டு அடுத்த கடையைப் பாருங்கள்.