பாடநூலும் நியூ ஜெர்சி ஆய்வும் முரண்படுவது ஏன்?

வணக்கம். குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தினால் வேலைவாய்ப்பு குறையும் என்று பாடநூல் சொல்ல, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் நடந்த ஆய்வு அதை மறுக்கிறதே, பருவக் கட்டுரையில் எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டில் ஒன்றைத் தள்ளிவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி தன் குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியபோது, பொருளியலாளர்களான டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் அங்கும், ஊதியம் மாறாதிருந்த அண்டை மாநிலமான பென்சில்வேனியாவின் கிழக்குப் பகுதியிலும் இருந்த 410 துரித உணவகங்களை ஒப்பிட்டு, உயர்வினால் வேலைகள் குறைந்ததற்குச் சான்று இல்லை எனக் கண்டனர். பாடநூலில் உள்ள உழைப்பின் தேவை-அளிப்பு வரைபடமோ எந்த முதலாளியும் தனித்து ஊதியத்தை நிர்ணயிக்க முடியாது என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது. வேறு வேலை தேடிப் போவது கடினமாக உள்ள இடத்தில் முதலாளி உழைப்பின் மதிப்பைவிடக் குறைவாகவே கொடுத்து வரக்கூடும். அங்கே மிதமான உயர்வு, ஆட்குறைப்புக்குப் பதிலாக, ஆட்கள் விலகிச் செல்வதைக் குறைத்துக் காலியிடங்களை நிரப்பவும் உதவலாம்.

ஆனால் இந்த ஓர் ஆய்வை மட்டும் நம்பி எழுதிவிடாதீர்கள். டேவிட் நியூமார்க், வில்லியம் வாஷர் என்ற பொருளியலாளர்கள் உணவகங்களின் சம்பளப் பதிவேடுகளைக் கொண்டு எதிரான முடிவுக்கு வந்தனர். அந்த விவாதம் 2000 வரை நீண்டது. அமெரிக்க நகரமான சியாட்டிலில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 13 டாலரைத் தொட்டபோது, குறைந்த ஊதிய வேலைகளில் பணிநேரம் குறைந்ததாக வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு கண்டது. ஆகவே வேலையில் உள்ளவர்களின் தலைகளை எண்ணுவதோடு நில்லாமல், பணிநேரத்தையும், புதிய ஊதியம் அப்பகுதியின் இடைநிலை ஊதியத்தில் (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் பெறும் ஊதியம்) எத்தனை பங்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.