நாத்திகம், அறியொணாவாதம், கடவுள் நம்பிக்கை: மூன்றுக்கும் என்ன வித்தியாசம்? நீங்கள் இதில் எது?

எங்கள் வீட்டில் இந்த மூன்றும் ஒரே பானைச் சோறு தின்றவை. அப்பா நாத்திகர், அம்மா முருக பக்தை, நான் நடுவில் நிற்பவன் என்று ஊர் நினைக்கிற ஆள். அதனால் அகராதியைத் திறக்காமல் வீட்டுக் கதையிலிருந்தே சொல்கிறேன்.

2012 குடிசனக் கணக்கெடுப்புக்கு மட்டக்களப்பில் எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் பிள்ளை படிவத்தோடு வந்தது. எங்கள் மாவட்டத்தில் 1981க்குப் பிறகு முழுதாக நடந்த முதல் கணக்கெடுப்பு அதுதான். "சமயம் என்ன சேர்?" என்று கேட்டதும் அப்பா, முப்பது வருடமாக அந்தக் கேள்விக்குக் காத்திருந்தவர் மாதிரி நிமிர்ந்து இருந்தார். "ஒண்டும் இல்ல எண்டு எழுதுங்க." பிள்ளை படிவத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மற்றவை எண்டு போடவா சேர்?" என்றது. "மற்றவை எண்டா அது என்ன சமயம்?" என்று அப்பா தொடங்க, குசினிக்குள் இருந்து அம்மா குரல் வந்தது: "இந்து எண்டு போடுங்க புள்ள, அவர் அப்பிடித்தான்." அப்படியே போட்டாகிவிட்டது. பிறகு வெளியான அட்டவணையிலும் பௌத்தம், இந்து, இஸ்லாம், உரோமன் கத்தோலிக்கம், ஏனைய கிறிஸ்தவம், மற்றவை என்றுதான் இருந்தது. சமயமே இல்லாதவருக்கு ஒரு நிரல் இல்லை.

சரி, கேள்விக்கு வருவோம். குழப்பம் எங்கே வருகிறது என்றால், இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுப் பிசைவதில். "கடவுள் இருக்கிறார் என்று நம்புகிறாயா?" என்பது ஒன்று. "இருக்கிறாரா இல்லையா என்பது உனக்குத் தெரியுமா, யாருக்காவது தெரியவருமா?" என்பது மற்றது. ஆத்திகமும் நாத்திகமும் முதலாவதற்கான பதில்கள். அறியொணாவாதம் (agnosticism) இரண்டாவதற்கான பதில்: தெரியாது என்பது. (எங்கள் பக்கத்துத் தமிழில் 'அறிய ஏலாது வாதம்' என்று பெயர் வைத்திருந்தால் பாதிக் குழப்பம் குறைந்திருக்கும்.) இந்தச் சொல்லை ஆங்கிலத்தில் உண்டாக்கியவர் தோமஸ் ஹக்ஸ்லி என்ற உயிரியலாளர், 1869இல். சான்று எதுவரை போகிறதோ அதுவரைதான் 'உறுதி' என்று சொல்லலாம் என்பது அவருடைய நிலை. அவருக்கு அது ஒரு கொள்கையை விட ஒரு ஒழுங்குமுறைதான்.

நாத்திகத்துக்குள்ளேயும் இரண்டு வகை உண்டு. மட்டக்களப்பு வாவியில் இருக்கிற மீன்களின் எண்ணிக்கை இரட்டை எண் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். நான் நம்பவில்லை. அதற்காக ஒற்றை எண் என்று நான் சொன்னதாக ஆகிவிடாது. (அந்த மீன்கள் பாடும் என்று ஊரில் சொல்வது உண்மையா என்பது வேறு வழக்கு.) அதே மாதிரி, 'உண்டு என்று நம்பவில்லை' என்பதும் 'இல்லை என்று நம்புகிறேன்' என்பதும் வெவ்வேறு. அப்பா இரண்டாவது வகை. பெர்ட்ரண்ட் ரசல் என்ற ஆங்கிலத் தத்துவஞானி 1947இல் இதைச் சாமர்த்தியமாகச் சொல்லியிருக்கிறார்: தத்துவம் படித்தவர்களிடம் பேசினால் தன்னை அறியொணாவாதி என்பாராம், தெருவில் போகும் சாதாரண மனிதனிடம் நாத்திகர் என்பாராம். கிரேக்கத்துத் தெய்வங்கள் இல்லை என்றுகூடத்தான் நிரூபிக்க முடியாது, அதற்காக யாரும் சந்தேகத்தோடு திரிவதில்லையே என்பது அவர் வாதம்.

அறியொணாவாதி மதில்மேல் பூனை என்று சொல்வார்கள். அப்பாவும் சொல்லியிருக்கிறார். நான் கணித ஆசிரியர், எனக்கு இது வேறு மாதிரித் தெரிகிறது. பரீட்சையில் விடை எழுதாமல் விட்ட பிள்ளையும், 'தரவு போதாது' என்று எழுதிய பிள்ளையும் ஒன்றா? தரவு போதாது என்று எழுதவும் கணக்குத் தெரிய வேண்டும். ஆனால் படிக்கச் சோம்பல்பட்டு 'எனக்குத் தெரியாதப்பா' என்று நழுவுகிறவர்களும் இந்தப் பெயரில் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை.

அப்பாவின் ஆதர்சம் ஆபிரகாம் கோவூர். கேரளத்தில் பிறந்து இலங்கையில் தாவரவியல் படிப்பித்தவர், 1978இல் காலமானார். மோசடிக்கு இடமில்லாத நிலையில் அற்புதம் செய்து காட்டுகிறவருக்கு ஒரு இலட்சம் ரூபாய் என்று சவால் விட்டவர். பேய், செய்வினை, சாத்திரம் விஷயத்தில் நான் முழுக்க அவர் கட்சி. ஆனால் அந்தச் சவால் சோதிக்கக்கூடிய விஷயங்களுக்குத்தான். திருநீறு கையிலிருந்து கொட்டுகிறதா என்று சோதிக்கலாம். 'எல்லாவற்றுக்கும் பின்னால் ஏதோ ஒன்று' என்பதை எந்த மேசையில் வைத்துச் சோதிப்பது?

இதை எனக்குப் புரியவைத்தது மட்டக்களப்புக் கடற்கரையில் இருக்கிற கல்லடி. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கடற்கரையோரத் திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. சுற்றிலும் வீடுகள் இருந்த இடத்தில் அத்திவாரம் மட்டும். நாங்கள் மூவரும் போய்ப் பார்த்தோம். அம்மா கையெடுத்துக் கும்பிட்டா. "இவ்வளவும் போயிற்று, முருகன்ட கோபுரம் விழல்ல பாத்தீங்களா." அப்பாவுக்குக் குரல் கம்மியது. "தன்ட கோபுரத்தையே நேராப் பிடிக்க ஏலாதவர் இந்தச் சனத்த எப்பிடிப் பிடிப்பார்?" ஒரே கோபுரம், ஒரே சாய்வு. என்னிடம் கேட்டார்கள். அடி மண்ணை அலை அரித்திருக்கும் என்றேன், மற்றது தெரியாது என்றேன். அன்று இருவரும் ஒற்றுமையாக ஏசியது என்னைத்தான்.

அவர்கள் ஏசியதில் நியாயம் இருந்தது. எந்தக் கடவுள் என்று கேட்காமல் நான் பதில் சொல்லியிருந்தேன். எல்லாம் வல்லவர், எல்லாரிலும் அன்பானவர், சொல்லி வேண்டினால் காப்பவர் என்ற கடவுளைப் பற்றி என்றால், கல்லடியைப் பார்த்த பிறகு நான் அப்பா பக்கம். அப்படி எந்தக் குணமும் சொல்லாத ஒரு மூலத்தைப் பற்றி என்றால், தெரியாது.

அம்மாவையும் நான் பிழையாகத்தான் விளங்கியிருந்தேன். அவவுக்கு நிச்சயம் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் நேர்த்திக் காசு முடிந்துகொண்டிருக்கும்போது கேட்டேன். "அவன் இருக்கானோ இல்லயோ, மனே, நான் கேட்டுக்கிட்டே இருப்பன்" என்றா. தெரியும் என்று சொல்லாமலே நம்புகிற ஆள். அறியொணாவாதியும் பக்தையும் ஒரே ஆளாக இருக்கலாம் என்பதற்கு எனக்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை.

நம் பழைய சொற்களும் வேறு கணக்கில் வந்தவை. வடமொழித் தத்துவ மரபில் ஆத்திகர், நாத்திகர் என்று பிரித்தது வேதத்தை ஏற்பதை வைத்து. வேதச் சடங்கை ஏற்று, படைத்த கடவுளை ஏற்காத மீமாம்சை என்ற தத்துவப் பள்ளி ஆத்திகம், சமணமும் பௌத்தமும் நாத்திகம். ஆனால் அம்பாறைப் பக்கம் ஒரு பிக்குவைப் பார்த்து நாத்திகர் என்று சொல்லிப் பாருங்கள்! காத்தான்குடிக் கூட்டாளி ஒருவன் என்னைச் சீண்டுவது வேறு விதம்: "எங்கட கலிமாவும் 'இல்லை' எண்டுதான் தொடங்குது மச்சான். நீ பாதி சொல்லிட்டு நிண்டுட்டாய்." ('அல்லாஹ்வைத் தவிர வேறு இறைவன் இல்லை' என்ற முஸ்லிம்களின் உறுதிமொழிதான் கலிமா. அரபியில் 'இல்லை' முதலில் வரும்.)

நான் எது என்று கேட்டீர்கள். நம்பிக்கை இல்லை, தெரியும் என்ற உரிமைகோரலும் இல்லை. ஆனால் அப்பா போன பிறகு ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தக்குளத்தில் இறங்குகிறேன். அம்மாவுக்காக என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் அம்மாவுக்குக் காய்ச்சல், தனியாகப் போய் முழுகிவிட்டு வந்தேன். அந்தச் சாட்டு அத்தோடு போயிற்று.

முதல் வருடம் ஐயர் அப்பாவின் பெயர் கேட்டார், சொன்னேன். கோத்திரம் கேட்டார். எங்கள் பக்கம் கோத்திரம் ஏது, குடிதானே, அதுவும் தாய்வழி. அப்பா ஒரு குடி, நான் வேறு குடி. முழித்துக்கொண்டு நின்றேன். பின்னால் சனம் நெருக்குகிறது. "சிவகோத்திரம் எண்டு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டுக் கரை ஏறினேன்.

"எல்லாம் சரியாச் சொன்னியா?" என்று கேட்டா அம்மா.

"பேர் சரி. கோத்திரம்தான் மற்றவை" என்றேன்.