குதிரைக்காலும் யோபுவின் வசனமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மென்பொருள் துறையில் பணிபுரிகிறேன். இலக்கியத்தை முறையாகக் கற்க வேண்டும் என்ற நெடுநாள் ஆசையில் இங்குள்ள கல்லூரி ஒன்றின் மாலை வகுப்பில் சேர்ந்து, தொடக்ககால அமெரிக்க இலக்கியம் என்ற பாடத்தை எடுத்திருக்கிறேன். ஐந்து வாரங்கள் முடிந்துவிட்டன. இதுவரை வாசித்தவை ஓர் ஆளுநரின் வரலாற்றுக் குறிப்பு, கப்பலில் வந்தவர்களுக்கான ஒரு பிரசங்கம், செவ்விந்தியரிடம் சிறைப்பட்ட ஒரு பெண்ணின் அனுபவம், சில பக்திக் கவிதைகள். எல்லாவற்றிலும் கடவுள் சோதிக்கிறார், கடவுளே காக்கிறார். கதை இல்லை, கற்பனை இல்லை. இவற்றை இலக்கியம் என்று ஏன் படிக்க வேண்டும்? ஹாதோர்ன், மெல்வில் போன்ற நாவலாசிரியர்கள் வரும் அடுத்த பாடத்துக்கு மாறிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

அன்புடன்,
கி.

அன்புள்ள கி.,

மாற வேண்டாம். உங்கள் சலிப்பு நியாயமானது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். பாஸ்டன் போதகர் காட்டன் மேதரின் பெருநூலை நானும் மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் மூடி வைத்தவன்தான்.

நீங்கள் தொடக்கம் என்று எண்ணி வாசிப்பது உண்மையில் பின்னால் அடுக்கப்பட்ட வரிசை. நீங்கள் சொல்லும் ஆளுநரான வில்லியம் பிராட்ஃபோர்ட் பிளிமத் குடியேற்றத்தின் வரலாற்றை 1630இல் எழுதத் தொடங்கினார். அந்தக் கைப்பிரதி அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் காணாமற்போய், லண்டன் பேராயரின் ஃபுல்ஹாம் மாளிகை நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு, முழு வடிவில் 1856இல்தான் அச்சேறியது. ஹாதோர்னின் 'ஸ்கார்லெட் லெட்டர்' வெளிவந்தது 1850இல். போதகரும் கவிஞருமான எட்வர்ட் டெய்லரின் கவிதைகள் யேல் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து வெளிச்சத்துக்கு வந்தது 1937இல். ஆகவே, இவை ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்து வளர்ந்த மரபு என்று உங்கள் பாடநூலின் முன்னுரை சொன்னால், அதைச் சற்றுச் சந்தேகத்துடனே வாசியுங்கள்.

இவர்களில் பெரும்பாலோர் இலக்கியம் படைப்பதாக எண்ணி எழுதவில்லை. கடவுள் தங்களை எவ்வாறு நடத்தினார் என்று கணக்கு ஒப்புவித்தார்கள். ஆனால் கணக்கு எழுதும் கைக்கு என்ன எழுத வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தாலும், கண் பார்த்தது சில இடங்களில் அதை மீறிக்கொண்டு வந்துவிடுகிறது. அந்த இடங்களுக்காகத்தான் நான் இவற்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்ட அந்தச் சிறைப்பட்ட பெண்ணையே எடுத்துக்கொள்வோம். மேரி ரோலண்ட்சன் ஒரு போதகரின் மனைவி. 1676 பிப்ரவரியில், மெட்டாகோம் என்ற பூர்வகுடித் தலைவரின் பெயரால் அறியப்படும் போரின்போது, லங்காஸ்டர் ஊரின் மீது நடந்த தாக்குதலில் பிடிபட்டார். காயமுற்ற ஆறு வயது மகள் சில நாட்களில் இறந்துபோனாள். பதினொரு வாரங்களுக்குப் பின்னர் இருபது பவுண்டு மீட்புப் பணத்துக்கு விடுவிக்கப்பட்டார். 1682இல் வெளிவந்த அவருடைய நூல் இருபது 'பெயர்வு'களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பெயர்வும் வீட்டிலிருந்து இன்னும் ஒரு படி தள்ளிக் காட்டுக்குள்.

பதினெட்டாம் பெயர்வைத் திறந்து பாருங்கள். ஒரு குடிசையில் ஒரு பெண் குதிரைக்கால்களை வேகவைத்துக்கொண்டிருக்கிறாள். ரோலண்ட்சனுக்கு ஒரு துண்டும், அங்கே சிறைப்பட்டிருக்கும் ஓர் ஆங்கிலேயக் குழந்தைக்கு ஒரு துண்டும் கிடைக்கின்றன. தன்னுடையதை இவர் உடனே தின்றுவிடுகிறார். குழந்தையால் கடிக்க முடியவில்லை. நரம்பும் தசைநாருமாக இருந்த அந்தத் துண்டை, எச்சில் வழியச் சப்பிக்கொண்டு கிடக்கிறது. இவர் அதைக் குழந்தையிடமிருந்து பிடுங்கித் தானே தின்கிறார். தின்றதோடு நில்லாமல், அது தன் நாவுக்குச் சுவையாக இருந்தது என்றும் எழுதுகிறார். அடுத்த வரியிலேயே யோபுவின் வசனம் வந்துவிடுகிறது: என் ஆத்துமா தொட மறுத்தவையே என் துயர உணவாயின.

அந்த வசனம் எதைச் செய்ய முயல்கிறது என்று கேட்டுக்கொண்டு இன்னொரு முறை வாசியுங்கள். குழந்தையின் வாயிலிருந்து பறித்ததை வேதம் விளக்கிவிடுகிறதா, மூடி மறைக்கிறதா? மறைப்பதுதான் நோக்கமென்றால், குழந்தையைப் பற்றிச் சொல்லாமலே விட்டிருக்கலாமே. எச்சிலும் சப்பலும் எதற்கு? தன் மகளை இழந்து ஓரிரு மாதங்களிலேயே இப்படிச் செய்த ஒரு தாயால், பின்னர் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. கதையும் கற்பனையும் இல்லை என்கிறீர்கள். இந்த இரண்டு வரிகளுக்கு நடுவே இருப்பதைப் போன்ற ஒன்றை எழுதிக் காட்ட எத்தனை நாவலாசிரியர்கள் தடுமாறியிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

கவிஞர் ஆன் பிராட்ஸ்ட்ரீட்டிடமும் இதைப் பார்க்கலாம். 1666 ஜூலையில் வீடு எரிந்துபோனதைப் பற்றிய கவிதையில், கொடுத்தவனே எடுத்துக்கொண்டான் என்று முறைப்படி துதித்துவிட்டு, சாம்பலைக் கடக்கும்போதெல்லாம் இங்கே அந்தப் பெட்டி இருந்தது, அங்கே அந்தப் பேழை இருந்தது என்று எண்ணிக்கொண்டே போகிறார். உலகம் மாயை என்ற முடிவுக்கு வந்து சேர அவருக்கு அத்தனை பொருட்களும் தேவைப்படுகின்றன. இனி வரும் வாரங்களில் ஃபிலிஸ் வீட்லி வருவார். ஆப்பிரிக்காவிலிருந்து சிறுமியாகக் கடத்திக் கொண்டுவரப்பட்டு, பாஸ்டனில் அடிமையாக இருந்தவர். 1773இல் அவருடைய கவிதை நூல் வந்தபோது, இக்கவிதைகளை எழுதியவர் இவரேதான் என்று பதினெட்டுப் பெரிய மனிதர்கள் கையொப்பமிட்ட சான்று அதில் சேர்க்கப்பட்டது. தான் அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டதைப் பற்றி அவர் எழுதிய எட்டு வரிக் கவிதையின் கடைசி ஈரடியில், கிறிஸ்தவர்களே என்று விளித்துப் பேசுகிறாரா, அல்லது கிறிஸ்தவர்களையும் கறுப்பர்களையும் ஒரே மூச்சில் பட்டியலிட்டு இருவரும் தூய்மைப்பட வேண்டியவர்களே என்கிறாரா என்பது ஒரு காற்புள்ளியை எப்படி வாசிக்கிறீர்கள் என்பதில் தொங்கி நிற்கிறது. அன்றைய வகுப்புக்கு மட்டும் தவறாமல் போய்விடுங்கள்.

உங்கள் சலிப்புக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். பைபிள் பழக்கமில்லாமல் இவர்களை வாசிப்பது, புராணக் கதைகள் தெரியாமல் தேவாரம் வாசிப்பதைப் போன்றது. யாத்திராகமம், யோபு, சங்கீதங்கள் ஆகிய மூன்றையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வசனம் என்பதைவிட, அது எந்த இடத்தில் வந்து விழுகிறது என்பதே முக்கியம்.

நமக்கும் இவர்களுக்கும் தொடர்பே இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். நான் முடிக்க முடியாத அதே காட்டன் மேதர் தரங்கம்பாடி மிஷனரிகளுடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். 1721இல் பாஸ்டனில் அதை ஒட்டி ஒரு நூலே வெளியிட்டார். சென்னைக் கோட்டையில் ஆளுநராக இருந்து பொருள் சேர்த்த எலிஹு யேலுக்குக் கடிதம் எழுதி, பின்னாளில் யேல் பல்கலைக்கழகமான கல்லூரிக்கு உதவினால் அதற்கு உங்கள் பெயர் சூட்டப்படும் என்று ஆசை காட்டியவரும் அவர்தான்.

இறுதிக் கட்டுரைக்குத் தலைப்பு இன்னும் முடிவாகவில்லையென்றால், ஜேம்ஸ் பிரிண்டரைத் தேடிப் பாருங்கள். நிப்மக் என்ற பூர்வகுடி இனத்தவர். மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் அச்சகத்தில் தொழில் கற்று, 1663இல் பூர்வகுடி மொழியில் வெளிவந்த பைபிளின் அச்சுக்கோப்பில் பணியாற்றியவர். போரின்போது அவரும் காட்டுக்குள்ளேயே இருந்தார். ரோலண்ட்சனின் மீட்புப் பேச்சில் பூர்வகுடித் தலைவர்களுக்காகக் கடிதம் எழுதியவர் அவர் என்று கருதப்படுகிறது. பின்னர் அச்சகத்துக்குத் திரும்பி, ரோலண்ட்சன் நூலின் 1682 கேம்பிரிட்ஜ் பதிப்புக்கு எழுத்துக் கோத்தவரும் அவராகவே இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தன் இனத்தவரைக் கொடிய மிருகங்கள் என்று பழிக்கும் வரிகளை ஒவ்வோர் எழுத்தாக எடுத்து அடுக்கியிருப்பார்.

வாச்சூசெட் மலைக்கு அருகே, பிரின்ஸ்டன் ஊர்ப்புறத்தில் மீட்புப் பாறை என்று ஒன்று இருக்கிறது. ரோலண்ட்சனை விடுவிக்க உடன்பாடு ஏற்பட்ட இடம் என்று பிற்காலத்தில் அதில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பேரம் பேசிய ஜான் ஹோரின் பெயரும், சம்மதிக்க மறுத்த மெட்டாகோமின் ஆங்கிலப் பெயரும் அதில் உண்டு. தூது சென்றவர்களின் பெயரோ, கடிதம் எழுதியவரின் பெயரோ இல்லை. ஒரு விடுமுறை நாளில் போய் வாருங்கள். இருபதாம் பெயர்வை அங்கேயே உட்கார்ந்து வாசிக்கலாம்.