ஏழு பேப்பர், கூடவே ஒரு அரியர் (பாஸாகாமல் நிற்கும் பழைய பேப்பர்), எம்3 (மூன்றாம் செமஸ்டர் கணக்கு) வேறு போய்விடும் போலிருக்கிறது. எப்படிச் சமாளிப்பது?

கேட்டவர் பிஇ இரண்டாம் வருடம், அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி, 2021 ரெகுலேஷன் (பாடத்திட்ட விதிகள்). எம்3 முதல் இன்டர்னலில் (கல்லூரியே வைக்கும் டெஸ்ட்) ஒற்றை இலக்கம், முதல் செமஸ்டர் கணக்கான எம்1 இன்னும் நிற்கிறது, வீட்டுக்குத் தெரியாது. நான் மாலை நேரத்தில் அரியர் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பலர் இதே நிலைமையில்தான் வருகிறார்கள்.

பயப்படுவதற்கு முன்னால் எவ்வளவு மார்க் தேவை என்று பாருங்கள். தியரி பேப்பருக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் பரீட்சை 60. நூறுக்கு எழுதுவதைத்தான் அறுபதாக மாற்றுகிறார்கள். பாஸாக மொத்தம் 50 வேண்டும், பரீட்சையில் மட்டும் குறைந்தது 45 சதவீதம் வேண்டும். இன்டர்னலில் 23 தேறிவிட்டால் பரீட்சையில் நூறுக்கு 45 போதும். 18தான் வந்தது என்றால் 54 எடுக்க வேண்டியிருக்கும். அதனால் அடுத்த இன்டர்னலையும் அசைன்மென்டையும் விட்டுவிடாதீர்கள். முதல் டெஸ்ட் போய்விட்டதே என்று அடுத்ததற்கு வெறும் தாளை நீட்டுகிறவர்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

அப்புறம் எம்3, அதாவது டிரான்ஸ்ஃபார்ம்ஸ் அண்ட் பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன்ஸ் பேப்பரின் கேள்வித்தாள். ஐந்து யூனிட், ஒவ்வொன்றிலும் இரண்டு டூ மார்க், ஒரு பதினாறு மார்க். ஆக யூனிட்டுக்கு 20. மூன்று யூனிட்டை ஒழுங்காகப் படித்து, ஐந்து யூனிட்டின் டூ மார்க்கையும் பார்த்துக்கொண்டால் 68 மார்க்குக்கு எழுதலாம். அதில் 45 எடுக்க மேதையாக இருக்கத் தேவையில்லை. நான் கடைசி யூனிட்டான இசட் டிரான்ஸ்ஃபார்மில் இருந்துதான் ஆரம்பிப்பேன். ஃபார்முலா குறைவு, பார்ஷியல் ஃப்ராக்‌ஷன் தெரிந்தால் பாதி முடிந்தது. அடுத்து ஃபூரியர் சீரிஸ். அதில் ஹார்மோனிக் அனாலிசிஸ் கால்குலேட்டரும் அட்டவணையுமாகவே போய்விடும். மூன்றாவதாக அலைச் சமன்பாட்டுக் கணக்கு. பார்க்க நீளமாக இருக்கும், ஆனால் எல்லை நிபந்தனைகளை (பவுண்டரி கண்டிஷன்ஸ்) எழுதி, ஒவ்வொன்றாகப் போட்டு மாறிலிகளைக் கண்டுபிடிக்கும் முதல் ஒன்றரைப் பக்கம் எல்லாக் கணக்குக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதை மட்டும் எழுதினாலும் ஸ்டெப் மார்க் விழும். ஆனால் கண்ணால் படித்தால் கணக்கு வராது, கையால் எழுதிப் பாருங்கள்.

எம்1க்கும் இதே வழிதான். மேட்ரிசஸ் யூனிட்டை முழுசாக முடியுங்கள். ஐகன் வேல்யூ, கெய்லி ஹாமில்டன், குவாட்ரடிக் ஃபார்ம், மூன்றும் ஒரே குடும்பம்.

மற்ற பேப்பர்களுக்கு எல்லாம் சமமாக நேரம் ஒதுக்காதீர்கள். டைம் டேபிளைக் கலர் பேனாவில் போட்டுச் சுவரில் ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தானாகப் பாஸாகிற பேப்பர் எது என்று உங்களுக்கே தெரியும். அதற்கு ஸ்டடி ஹாலிடேஸ் போதும். எல்லாவற்றிலும் எண்பது வாங்கும் ஆசையை இந்த ஒரு செமஸ்டருக்கு மூட்டை கட்டி வையுங்கள். ஆனால் லேப் ரெக்கார்டைத் தள்ளிப்போடாதீர்கள். லேபில் நூறுக்கு இன்டர்னலே 60. வாரா வாரம் முடித்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் கடைசி வாரத்து ராத்திரிகள் மிச்சம். வருகையும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. படிப்பதற்காக லீவு போடுகிறேன் என்பவர்கள் பெரும்பாலும் தூங்குகிறார்கள்.

பயந்ததுபோல எம்3 போயேவிட்டாலும் ஏப்ரல், மே பரீட்சையில் திரும்ப எழுதலாம். டிஸ்டிங்ஷன் கிடைக்காது, சரி. ஆனால் ஐந்து வருடத்துக்குள் எல்லாவற்றையும் முடித்து சிஜிபிஏவும் (எல்லா செமஸ்டருக்குமான சராசரி கிரேடு) தேவையான அளவு இருந்தால் ஃபர்ஸ்ட் கிளாஸ் கிடைக்கும். பிளேஸ்மென்டில் பல கம்பெனிகள் பார்ப்பது ஸ்டாண்டிங் அரியரை, அதாவது இன்னும் பாஸாகாமல் நிற்பதைத்தான். முடித்துவிட்ட பழைய அரியரையும் கேட்பவர்கள் உண்டு, ஆனால் எல்லோரும் இல்லை.

வீட்டில் ரிசல்ட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ‘எம்1 நிற்கிறது, எம்3 கஷ்டமாக இருக்கிறது, இந்த மூன்று யூனிட்டைப் படிக்கிறேன்’ என்று சொன்னால் அப்பா கத்துவார். பக்கத்து வீட்டுப் பையன் சொல்லித் தெரிந்தால் இன்னும் அதிகமாகக் கத்துவார். தூக்கமும் சாப்பாடும் சேர்ந்தே கெட்டுப்போகிற அளவுக்கு மனசு அழுத்தினால் மட்டும் பரீட்சையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் டாக்டரிடம் போங்கள்.

இன்னொன்று. ரிசல்ட் வந்து ஓரிரண்டு மார்க்கில் போனது மாதிரி தோன்றினால் நேரடியாக ரீவேல்யுவேஷன் (மறுமதிப்பீடு) போட முடியாது. முதலில் விடைத்தாளின் போட்டோகாப்பிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கொடுக்கும் நாட்கள் குறைவு, கடைசித் தேதியைக் கல்லூரி எக்ஸாம் செல்லில் (பரீட்சை அலுவலகம்) கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.