வராந்தாவில் போட்ட கையெழுத்து

அன்புள்ள ஐயா,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 68 வயது. இரைப்பையில் புற்றுநோய் என்று பயாப்சியில் வந்துவிட்டது. டாக்டர் அண்ணனை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அப்பாவிடம் அல்சர் என்று சொல்லி வைத்திருக்கிறோம். தெரிந்தால் உடைந்துபோவார் என்கிறான் அண்ணன். ஆபரேஷனுக்கு அவனே கையெழுத்துப் போட்டுவிடுவானாம். அப்பாவோ பத்து நாளாக நிலப் பட்டா எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். மறதி வேறு வந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. மறைப்பது சரியா? நாட்டு மருந்தும் சேர்த்துக் கொடுக்கலாமா?

ம.

அன்புள்ள ம.,

நாட்டு மருந்து பற்றி அந்த டாக்டரிடமே கேளுங்கள், எனக்குத் தெரியாது. மற்றது நான் ரொம்ப நாளாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கும் விஷயம்.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் கதை அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கணவர்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்க அவரைக் கூப்பிட்டார்கள். அவர் அப்போது டாக்டர் இல்லை. டாக்டரான அப்பாவை அழைத்துப் போங்கள் என்றார். ஆண் பார்க்கக் கூடாது என்று மூவரும் திரும்பிவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அதன்பிறகுதான் ஐடா மருத்துவம் படித்தார், 1900-ல் வேலூரில் வைத்தியம் தொடங்கினார், 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியும் வந்தது. எல்லாம் சரி. உள்ளே வலியில் கிடந்தவளிடம், "ஆம்பளை டாக்டர் வந்தா பரவாயில்லையா?" என்று ஒருவராவது கேட்டாரா? வாசலிலேயே பேசி முடித்துவிட்டார்கள். உங்கள் அண்ணன் செய்வதும் அதுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சட்டமும் அண்ணன் பக்கம் இல்லை. கருவியை விட்டுச் சோதித்துப் பார்க்க மட்டும் சம்மதித்திருந்த ஒரு பெண்ணுக்கு, மயக்கத்தில் இருக்கும்போதே அவளுடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்தில்லை, நினைவு திரும்பியதும் அவளிடமே கேட்டிருக்கலாம், தாயின் சம்மதம் செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெற்ற தாய்க்கே அப்படியென்றால், முழு நினைவோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் உங்கள் அப்பாவுக்காக மகன் எப்படிப் போடுவான்?

நான் யோக்கியன் என்று சொல்லவில்லை. ஆரணியில் பட்டுத்தறி நெய்த என் பெரியம்மாவுக்குப் புற்றுநோய் வந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கையெழுத்துப் போட்டவன் நான்தான். வயிற்றுப்புண் என்று சொல்லியிருந்தோம். ஒருநாள் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இங்க எல்லாருக்கும் முடி கொட்டியிருக்கே, எல்லாருக்கும் வயித்துப்புண்ணா?" ஆமாம் பெரியம்மா என்றேன். அப்புறம் அவள் என்னை எதுவும் கேட்கவில்லை. பாவு பாதியில் நிற்கிறது, நாலு நாள் வீட்டுக்குப் போய் வருகிறேன் என்று மட்டும் நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். குணமானதும் போகலாம் என்று நாங்கள் விடவில்லை. அந்தச் சேலையைக் கடைசியில் வேறு யாரோ நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்தார்கள். அவள் உடைந்துபோவாள் என்றா மறைத்தேன்? அவள் அழுதால் பக்கத்தில் உட்கார எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

எல்லோருக்கும் எல்லாம் தெரிந்தாக வேண்டும் என்றும் இல்லை. "ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறதென்று தெரிஞ்சுக்கணுமாப்பா?" என்று முதலில் கேளுங்கள். வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்னால் அது அவர் முடிவு.

ஆனால் சொல்ல மாட்டார். பத்து நாளாகப் பட்டாவைத் தேடுகிற மனிதருக்கு மறதியாம்! படித்த பெண்தானே நீங்கள்? இன்று ராத்திரி சாப்பாடு ஆனதும் அதை பீரோவிலிருந்து எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். அண்ணன் கொஞ்ச நேரம் வெளியே நிற்கட்டும்.