பிரித்த பிறகுதான் எடை: எல்சி-எம்எஸ் கேள்வி பதில்

மருந்து, உணவு சோதனைக்கூடங்களில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்திருக்கிறேன். எல்சி-எம்எஸ், அதாவது கரைசலில் கலந்தவற்றை முதலில் பிரித்து (எல்சி), பிறகு மூலக்கூறின் எடையைப் பார்க்கும் (எம்எஸ்) கருவி, அதைச் சார்ந்த கருவிகள் பற்றி யார் என்ன கேட்டாலும் பதில் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். சென்னையிலிருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

மேடம், 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டார்கள். ரோடமின் பி சாயம் என்றார்கள். ரோஸ் நிறத்தில் எத்தனையோ சாயம் இருக்கிறதே, இதுதான் என்று எப்படி அடித்துச் சொல்ல முடிகிறது? (பள்ளி ஆசிரியை, மயிலாப்பூர்)

கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. பஞ்சு மிட்டாயைத் தண்ணீரில் போட்டால் சர்க்கரை உடனே கரைந்து, டம்ளரில் ரோஸ் தண்ணீர் மட்டும் நிற்கும். அதில் இரண்டு மூன்று சாயம் கலந்திருந்தாலும் தெரியாது. அதனால் முதல் வேலை பிரிப்பது. மிக நுண்ணிய சிலிக்காத் துகள் அடைத்த ஓர் எஃகுக் குழாய்க்குள் அந்தக் கரைசலைச் செலுத்துவோம். துகளோடு ஒட்டிக்கொள்ளும் சாயம் தாமதமாக வெளியே வரும், ஒட்டாதது முந்திக்கொள்ளும். மிகயீல் ஸ்வெட் என்ற ரஷ்யத் தாவரவியலாளர் 1900களின் தொடக்கத்தில் சுண்ணக்கட்டித் தூள் அடைத்த கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை ஊற்றி, பச்சையும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாகப் பிரித்துக் காட்டினார். அடிப்படை இன்றும் அதேதான்.

அப்புறம்தான் எடை. குழாயிலிருந்து வருவதை உயர் மின்னழுத்தத்தில் மெல்லிய சாரலாக்கினால் மூலக்கூறுகள் மின்னேற்றத்தோடு கருவிக்குள் போகும். எலக்ட்ரோஸ்பிரே என்ற இந்த வழிக்காகத்தான் ஜான் ஃபென் 2002ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ரோடமின் பி 443 என்ற நிறை எண்ணில் தெரியும். முதல் வடிகட்டி 443ஐ மட்டும் உள்ளே விடும். நடுவில் வாயுவோடு மோதி அது உடையும். 399, 355 என்று துண்டுகள் வரும். குழாயை விட்டு வெளியே வந்த நேரம், இந்த எண்கள், துண்டுகளின் விகிதம், எல்லாமே பக்கத்தில் ஓட்டிய சுத்தமான ரோடமின் பி-யோடு ஒத்துப்போக வேண்டும். ஒன்று பிசகினாலும் நான் அறிக்கையில் கையெழுத்துப் போட மாட்டேன்.

மேடம், எம்.எஸ்சி. படிக்கிறேன். எச்பிஎல்சி-க்கும் யுஎச்பிஎல்சி-க்கும் பிரஷர் மட்டும்தான் வித்தியாசமா? (மாணவி, தாம்பரம்)

இரண்டுமே குழாயில் திரவத்தைத் தள்ளிப் பிரிக்கும் கருவிதான், வித்தியாசம் துகளில்மா. பிரஷர் அதன் விளைவு. வீட்டில் காபி ஃபில்டரை நினைத்துக்கொள். பொடியை ரொம்ப நைஸாக அரைத்துவிட்டால் டிகாக்ஷன் இறங்கவே இறங்காது, ஆனால் திடமாக இருக்கும். 5 மைக்ரான் துகளுக்குப் பதில் 1.7 மைக்ரான் போட்டால் பீக் (ஒவ்வொரு பொருளும் வெளியே வரும்போது திரையில் எழும் முகடு) ஊசி மாதிரி ஒடுங்கும், பிரிப்பு நன்றாக இருக்கும். ஆனால் அதே நீளக் குழாயில் அதே வேகத்தில் கரைப்பானைத் தள்ள எட்டு, ஒன்பது மடங்கு அழுத்தம் வேண்டும். பழைய பம்புகள் 400 பார் வரைதான் தாங்கும். 2004ல் 1,000 பார் தாங்கும் கருவி சந்தைக்கு வந்த பிறகுதான் இது எல்லா லேபுக்கும் போனது.

சார்/மேடம், எங்களிடம் ட்ரிபிள் குவாட் இருக்கிறது. நைட்ரோசமீன் வேலைக்கு ஹை ரிசல்யூஷன் கருவி வாங்கியே ஆக வேண்டும் என்கிறார் மேனேஜர். தேவையா? (தரக் கட்டுப்பாட்டு வேதியியலாளர், ஆலத்தூர்)

ட்ரிபிள் குவாட் என்பது நான் மேலே சொன்ன மாதிரி வடிகட்டி, உடைத்துப் பார்க்கும் கருவி. ஹை ரிசல்யூஷன் கருவி நிறையைப் பல தசம இடம் வரை சொல்லும். வாங்க முடிந்தால் வாங்குங்கள். ஆனால் அது வந்தால் கவலை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள், தம்பி. 2020ல் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரைகளில் நடந்ததைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். நைட்ரோசமீன்கள் மருந்தில் கலந்துவிடக்கூடிய புற்றுநோய் அபாயமுள்ள மாசுகள், அவற்றில் ஒன்று என்டிஎம்ஏ. அதன் அயனியின் நிறை 75.0553. மாத்திரை தயாரிப்பில் மிச்சமாகும் டிஎம்எஃப் என்ற கரைப்பான் 74.0600. பார்த்தால் சம்பந்தமே இல்லை. ஆனால் டிஎம்எஃப் மூலக்கூறுகளில் ஆயிரத்துக்கு மூன்று நான்கில் சாதாரண நைட்ரஜனுக்குப் பதில் நைட்ரஜன்-15 இருக்கும். அவற்றின் நிறை 75.0571. மூன்றாவது தசம இடத்தில்தான் வித்தியாசம்! டிஎம்எஃப் ஏராளமாக இருந்தால் அந்தச் சின்னப் பங்கே என்டிஎம்ஏ-வாக வேஷம் போட்டுவிடும். ஒரு தனியார் லேப் சொன்ன அளவு இதனால் கூடிப்போனதை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. கண்டுபிடித்தது. டிஎம்எஃப் ஒரு நிமிடத்திலும் என்டிஎம்ஏ இன்னொரு நிமிடத்திலும் வரும்படி குழாயில் பிரித்துவிட்டால் இந்தப் பிரச்சினையே எழாது. கோடி ரூபாய்க் கருவிக்கு முன்னால் நல்ல பிரிப்பு முறைக்கு ஒரு மாதம் செலவழியுங்கள்.

இன்னொன்று. 2019ல் வயிற்று அமிலத்துக்கான ரானிடிடின் மாத்திரையில் சிலர் எக்கச்சக்கமான என்டிஎம்ஏ பார்த்தார்கள். அவர்கள் சாம்பிளை 130 டிகிரிக்குச் சூடாக்கி, வாயுவாக்கிப் பிரிக்கும் வழியில் சோதித்திருந்தார்கள். அந்தச் சூட்டில் ரானிடிடினே உடைந்து என்டிஎம்ஏ-வைத் தந்தது. சூடாக்காத எல்சி வழியில் அளந்தபோது அளவு வெகுவாகக் குறைந்தது, ஆனால் இல்லாமல் போகவில்லை. சோதிக்கும் முறை பொருளையே மாற்றுகிறதா என்று எப்போதும் பாருங்கள்.

எல்சி-எம்எஸ்-இல் பாஸ்பேட் பஃபர் போடலாமா? (மாணவர், கிண்டி)

கூடாது. பஃபர் என்பது அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் உப்புக் கரைசல். பாஸ்பேட் மாதிரி ஆவியாகாத உப்பு, சாரலாகும் இடமான சோர்ஸ் முழுக்கப் படிந்துவிடும். அம்மோனியம் ஃபார்மேட், ஃபார்மிக் அமிலம் போடுங்கள்.

திங்கட்கிழமை காலையில் மட்டும் எச்பிஎல்சி பிரஷர் ஏறுகிறது, அக்கா. என்ன காரணம்? (லேப் டெக்னீஷியன், அம்பத்தூர்)

சனிக்கிழமை பஃபரை அப்படியே விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் ஒரு மே மாதம் அப்படி விட்டுப் போனேன். ஞாயிறு கரண்ட் போய் ஏசி நின்றிருந்தது. திங்கள் வந்து பார்த்தால் பாட்டில் அடியில் நூல் நூலாகப் பாசி, பம்ப் சீலைச் சுற்றி வெள்ளையாக உப்பு. இரண்டு நாள் வேலை போச்சு. கிளம்பும் முன் பத்து சதவீதம் மெத்தனால் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் கழுவுங்கள், பிறகு மெத்தனாலுக்கு மாறுங்கள். பாஸ்பேட்டிலிருந்து நேரடியாக அசிட்டோநைட்ரைலுக்குத் தாவினால் உப்பு உள்ளேயே திரண்டுவிடும். பஃபர் தினமும் புதிதாகச் செய்யுங்கள், நம்ம ஊர் வெயிலுக்கு வேறு வழியில்லை.

கருவியைச் சந்தைக்கே தூக்கிக்கொண்டு போய் சோதிக்க முடியாதா? (கல்லூரி மாணவர், ராயபுரம்)

அதற்கான வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. முக்கோணமாக வெட்டிய காகிதத்தில் ஒரு சொட்டு சாம்பிள் வைத்து, நனைத்து, மின்னழுத்தம் கொடுத்தால் முனையிலிருந்து அயனிகள் பறக்கும். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் கிரஹாம் குக்ஸின் குழு 2010ல் இதைக் காட்டியது. அதற்கு ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். 2014ல் நம்ம ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் டி. பிரதீப் குழு, குக்ஸோடு சேர்ந்து, காகிதத்தில் கார்பன் நானோகுழாய் பூசி வெறும் 3 வோல்ட்டில் சாதித்தது. டார்ச் பேட்டரி போதும்! ஆனால் இதில் குழாய்ப் பிரிப்பு கிடையாது. சந்தேகம் வருகிற சாம்பிளைப் பொறுக்கி எடுக்க அருமையான வழி. வழக்குக்குப் போகிற எண்ணை லேபில்தான் எடுக்க வேண்டும்.

2025ல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளைக் கொன்ற இருமல் மருந்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. இவ்வளவு கருவிகள் இருந்தும் யாருக்கும் தெரியவில்லையா? (இரண்டு குழந்தைகளின் அப்பா, வேளச்சேரி)

உங்கள் கோபம்தான் எனக்கும். அரசுச் சோதனையில் அந்த சிரப்பில் 48.6 சதவீதம் டை எத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு இருந்தது. அனுமதி 0.1 சதவீதம். இதைப் பிடிக்க மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்கூட வேண்டாம். சுடர் உணரி வைத்த சாதாரண கேஸ் குரோமட்டோகிராஃப் (வாயுவாக்கிப் பிரிக்கும் கருவி) போதும், அரை மணி நேர வேலை. 1972ல் இதே சென்னையில் இதே நஞ்சு கலந்த மருந்தால் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். சிரப்பில் சேர்க்கும் கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால் வரும் ட்ரம்களில்தான் இது நுழைகிறது. விற்பவர் தரும் சான்றிதழை நம்பி ஒரு ட்ரம்மைக்கூட விடக் கூடாது. ஒவ்வொரு ட்ரம்மையும் திறந்து, ஒவ்வொன்றிலும் சாம்பிள் எடுத்து, மருந்து கலக்கும் முன்பே ஓட்டிப் பார்க்க வேண்டும்.