பெங்களூரு பார்க்கிங்: வாசலுக்கு முன்னால் இருக்கும் ரோடு யாருடையது?

அல்சூரில் எங்கள் குடியிருப்போர் சங்க வேலையைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். பார்க்கிங் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

காக்ஸ் டவுன்: அண்ணா, எங்கள் வாசலில் தினமும் யாரோ காரை நிறுத்துகிறார்கள். அது எங்கள் இடம்தானே?

கேட்டை மறித்து நின்றால் தப்பு, போலீசிடம் சொல்லலாம். மதில் ஓரம் நின்றால் அது பொது ரோடு தம்பி. பூந்தொட்டி, கல் வைத்து இடம் பிடிப்பதற்கும் உரிமை இல்லை.

ஸ்ரீராமபுரம்: டோயிங்கை நிறுத்திவிட்டார்களே, இனி பயமில்லையா?

வண்டி தூக்கும் ஆட்கள் நடந்துகொண்ட விதம் பற்றிப் புகார்கள் குவிந்ததால் 2022 தொடக்கத்தில் நிறுத்தினார்கள். வண்டியைத் தூக்க மோட்டார் வாகனச் சட்டம் 127ஆம் பிரிவு தரும் அதிகாரம் அப்படியேதான் இருக்கிறது. தூக்காவிட்டாலும் போட்டோ எடுத்து அபராதச் சலான் அனுப்புவார்கள்.

அல்சூர்: நடைபாதை முழுக்க பைக். முட்டி வலியோடு ரோட்டில் இறங்கி நடக்கிறேன். யாரிடம் சொல்வது?

அம்மா, எனக்கும் மனசு ஆறாத விஷயம் இது. போன மாதம் பார்வையில்லாத ஒருவர் கோலால் தடவிக்கொண்டே வந்தார். கோல் டயரில் முட்டியது, விலகினார், அப்போதுதான் நிறுத்தியிருந்த பைக்கின் சைலன்சரில் கால் பட்டுவிட்டது. சூடு தாங்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். 'அஞ்சு நிமிஷம்தானே' என்று நிறுத்தியவர் அங்கே இல்லை. டிராஃபிக் போலீசின் 'அஸ்திரம்' ஆப்பில் போட்டோவோடு புகார் கொடுங்கள். நம்பர் பிளேட் தெளிவாகத் தெரியட்டும், அதே படத்தில் நடைபாதை விளிம்பும் விழட்டும். வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால் அனுப்பித் தருவார்கள். விடாமல் அனுப்புங்கள்.

லிங்கராஜபுரம்: போர்டே இல்லாத இடத்தில் சலான் வந்தது, நியாயமா?

நடைபாதை, ரோடு கடக்கும் கோடு, பஸ் ஸ்டாப், திருப்பம் இவற்றுக்கெல்லாம் போர்டு தேவையில்லை. மற்ற இடமென்றால் படத்தைக் காட்டி ஆட்சேபம் சொல்லுங்கள்.

விவேக் நகர்: தெருவில் நிறுத்தவும் காசு கட்ட வேண்டுமாமே?

2021இல் அரசு ஒப்புதல் கொடுத்த பார்க்கிங் பாலிசி 2.0இல் அந்தத் திட்டம் இருக்கிறது. வண்டியின் அளவைப் பொறுத்து வருடத்துக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை பர்மிட். நான் இதை ஆதரிக்கிறேன். 5,000 என்றாலும் மாதம் 420 ரூபாய்கூட ஆகாது, அந்தக் காசுக்கு இங்கே ஷெட் யார் தருவார்? கார் வாங்க முடியாதவரின் ரோட்டையும் சேர்த்துத்தான் நாம் பிடித்து வைத்திருக்கிறோம். ஆனால் வசூலாகும் பணம் அதே தெருவின் நடைபாதைக்குப் போக வேண்டும். 2025 செப்டம்பரிலிருந்து நகரத்துக்கு ஐந்து மாநகராட்சிகள். உங்கள் பகுதி எதில் வருகிறதோ அங்கே எழுத்தில் கேளுங்கள்.

சிவாஜி நகர்: ஃபைனுக்குத் தள்ளுபடி மறுபடி வரும்வரை காத்திருக்கலாமா?

2023இலும் 2025இலும் பாதித் தள்ளுபடி கொடுத்தார்கள். அதை நம்பிச் சேர்த்து வைக்காதீர்கள். பக்கத்தில் உள்ள பெங்களூரு ஒன் என்ற அரசு சேவை மையத்திலேயே கட்டிவிடலாம்.